ஃபிளாரன்ஸில் ஐந்து நாள் தங்க ரேக்குப் பட்டறை

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில், ஆர்னோ ஆற்றுக்குத் தென்கரையில் சான் ஃப்ரெதியானோ என்று ஒரு பகுதி இருக்கிறது. தச்சர்கள், படச்சட்டம் செய்கிறவர்கள், பழைய நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் எல்லாம் இன்னும் தெருவைப் பார்த்த சிறு கடைகளில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம். போன செப்டம்பரில் அங்கே ஒரு பட்டறையில் ஐந்து நாள் இருந்தேன். 1400-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஊரில் மரப்பலகையில் எப்படிப் படம் எழுதினார்களோ, அதே முறையில் எழுதக் கற்றுக்கொண்டு வந்தேன். நன்றாக இருந்ததையும் சொல்லப்போகிறேன், மனக்குறையையும் சொல்லப்போகிறேன், அதனால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. அந்தப் பகுதியில் இப்படிச் சொல்லித்தருகிற இடங்கள் வேறும் இருக்கின்றன. எதற்குப் போனாலும் நான் பார்த்தது உதவும்.

நான் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மாமனாரிடம் தஞ்சாவூர்ப் படம் கற்றுக்கொண்டு இருபது வருடமாக வீட்டிலேயே செய்துவருகிறேன். மகள் இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். "அப்பா, பலகை, துணி, பசை, தங்கம்னு நீங்க வீட்ல செய்யறதையே அங்கயும் அறுநூறு வருஷமா செய்யறாங்க. ஒரு தடவ கையால தொட்டுப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி அவளே பணம் கட்டிவிட்டாள். ஐந்து நாளுக்கு 640 யூரோ. நம் பணத்தில் அறுபதாயிரத்துக்குக் கிட்டே வருகிறது. பலகை, தங்கம், நிறங்கள், முட்டை எல்லாம் அதிலேயே அடக்கம். சாப்பாடு நம் செலவு. மொத்தம் ஆறு பேர்தான் சேர்க்கிறார்கள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடிகிறது.

சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதைத் தொடும் ஒரு அம்மையார். பழைய படங்களைச் சீர்செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவர். முதல் நாள் அவர் பேச்சு சென்னினோ சென்னினியிலிருந்து ஆரம்பித்தது. சென்னினி 1400 வாக்கில் ஓவியத் தொழிலை அடி முதல் நுனி வரை கைப்புத்தகமாக எழுதிவைத்த மனிதர். அவருடைய குரு ஆக்னோலோ காத்தி. ஆக்னோலோவின் குரு அவருடைய அப்பா தாத்தேயோ. தாத்தேயோவின் குரு, இத்தாலிய ஓவியத்தில் பெரிய பெயரான ஜியோட்டோ. இந்தக் குரு வரிசையைச் சென்னினியே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாராம். ஐந்து நாளும் பட்டறையில் எந்தச் சந்தேகம் வந்தாலும், "சென்னினி என்ன சொல்றார்னு பாப்போம்" என்று அந்த அம்மையார் புத்தகத்தைத் திறப்பார். அந்தப் பக்கத்தில் இருப்பதை அப்படியே செய்து காட்டுவார். எனக்கு முதல் நாளே மனசு நிறைந்துவிட்டது.

அன்று முழுக்கப் பலகைதான். பாப்ளர் மரம், ஒரு ஜாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 20-க்கு 25 சென்டிமீட்டர். அதன் மேல் பழைய லினன் துணியைப் பசையில் நனைத்து ஒட்டவேண்டும். நாம் ஒட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை, பசை மட்டும் வேறு. நாங்கள் புளியங்கொட்டைப் பசையும் கோந்தும் போடுவோம். அங்கே முயல் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. சைவர்கள் இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. பசை அடுப்பில் சூடாகும்போது ஒரு வாடை வரும். கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும் என்று மூன்று தடவை சொன்னார்.

துணிக்கு மேல் ஜெஸ்ஸோ. நாங்கள் சுண்ணாம்புக் கல் மாவைப் பசையில் குழைத்துப் பூசுகிற இடத்தில் இத்தாலியர்கள் ஜிப்சத்தைப் பூசுகிறார்கள். அதைச் சுட்டுப் பொடித்ததுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று நாம் சொல்கிற மாவு. ஆனால் தண்ணீர் பட்டதும் கல்லாக இறுகிவிடுமே, அதை எப்படிப் பிரஷ்ஷால் பூசுவது? பட்டறையின் மூலையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் வாளியைத் திறந்து காட்டினார். நிறையத் தண்ணீரில் மாவைப் போட்டு, ஒரு மாதம் தினமும் கலக்கவேண்டும். கலக்கிக்கொண்டே இருந்தால் அது இறுகும் குணத்தை விட்டுவிடும். ஒரு மாதம் கழித்து வெண்ணெய் மாதிரி, பட்டு மாதிரி ஆகிவிடும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு துளி நறநறப்புக்கூட இல்லை. இருபது வருடமாக அம்மியில் அரைத்தும் எனக்கு அப்படி ஒரு மாவு கிடைத்ததில்லை.

அதை வெதுவெதுப்பாகப் பசையில் கலந்து எட்டுப் பூச்சு. ஒன்றின் மேல் ஈரப் பளபளப்பு போனவுடனே அடுத்தது. ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு. மொத்தமும் ஒரே நாளில் முடித்தாகவேண்டும், பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் பிறகு உதிரும்.

இரண்டாம் நாள் காலையில் அதைச் சமப்படுத்தினோம். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நன்றாகப் பொடித்த கரியை ஒரு துணியில் முடிச்சாகக் கட்டி, வெள்ளைப் பலகை முழுக்கத் தட்டவேண்டும். பலகை கறுத்துப்போகும். பிறகு தட்டையான இரும்புச் சுரண்டியால், கை அழுத்தாமல் இழுத்துக்கொண்டே வரவேண்டும். மேடான இடத்தில் கரி உடனே போய்விடும், பள்ளமான இடத்தில் கறுப்பு நிற்கும். கடைசிக் கறுப்புப் புள்ளி மறையும்போது பலகை முழுதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் இத்தனை வருடமும் உப்புத்தாளைத் தேய்த்துவிட்டு, பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, கையால் தடவி, போதும் என்று மனசுக்குப் பட்டதும் நிறுத்துகிறவன். இங்கே ஐந்து பைசா கரித்தூள் அந்த முடிவைச் சொல்லிவிடுகிறது. என் பலகையில் வலது கீழ் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு நின்றது. அதற்காகச் சுற்றிலும் முழுதையும் இன்னும் ஒரு தடவை இறக்கவேண்டியிருந்தது. முடிந்ததும் புறங்கையால் தடவச் சொன்னார். தந்தத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் வில்லோ மரக் கரிக்குச்சியால் படத்தை வரைந்து, மையால் கோட்டை நிறுத்தி, தங்கம் முடிகிற எல்லையை ஊசியால் கீறிக்கொண்டோம். என்ன படம் என்று அவர்கள் ஒரு மாதிரி தருகிறார்கள்: ஒரு தேவதையின் தலையும் தோளும், பின்னால் முழுத் தங்கம். தங்கம் வரும் இடத்துக்கெல்லாம் போலோ என்கிற செங்களிமண்ணை முட்டை வெள்ளைக்கரு நீரில் கரைத்து நாலு பூச்சு. காய்ந்தபின் சொரசொரப்புத் துணியால் தேய்த்தால் செம்மண் தரைக்குச் சாணி மெழுகிக் காய்ந்த மாதிரி ஒரு மங்கிய மினுமினுப்பு வரும்.

மூன்றாம் நாள் தங்கம். இந்த ஒரு நாளுக்காக மட்டும் அந்த 640 யூரோவையும் தரலாம்.

ரேக்கு என்பது தட்டி மெலிசாக்கிய தங்க ஏடு. எங்கள் ரேக்கு கையில் பிடிக்கக்கூடியது. கத்தரிக்கோலால் வெட்டுவோம், மேடாக எழுப்பிய மக்கு வேலைக்கு மேல் கோந்து தடவி ஒட்டுவோம், விரலால் அழுத்துவோம். இவர்களுடைய ரேக்கை விரலால் தொட்டால் விரலோடு போய்விடும். எட்டு சென்டிமீட்டர் சதுரம், தாள்களுக்கு நடுவில் ஒரு சிறு புத்தகமாக இருபத்தைந்து. ஃபிளாரன்ஸிலேயே பல தலைமுறையாகத் தங்கம் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய காலத்தில் ஒரு தங்க நாணயத்திலிருந்து 145 ரேக்கு தட்டுவார்களாம். சென்னினி, படத்தின் சமதளத்துக்கு நூறுக்கு மேல் தட்டினதை வாங்காதே, ரொம்ப மெலிசாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். அந்த நாணயத்தில் தங்கம் மூன்றரை கிராம்தான். நகைக்கடையில் பவுன் கணக்கு போட்டே பழகிய நமக்கு, அரைப் பவுனுக்கும் குறைவான தங்கம் நூறு ஏடாக விரிகிறது என்பது சட்டென்று மனதில் பதிகிறது.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினார். தோல் வைத்துத் தைத்த ஒரு சின்ன மெத்தை, அதைச் சுற்றி மூன்று பக்கம் காற்றுத் தடுப்பு. ரேக்கை அதில் சாய்த்து விழவைத்தால் கசங்கிப்போய் விழும். அதன் நடுவில், சரியாக நடுவில், மெதுவாக ஒரு ஊது. மடிப்பெல்லாம் ஓரத்துக்கு ஓடி ஏடு விரிந்து படுத்துக்கொள்ளும். கத்தியால் வேண்டிய அளவுக்கு வெட்டி, அணில் மயிரில் செய்த தட்டைப் பிரஷ்ஷைக் கன்னத்தில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு ரேக்கின் ஓரத்தில் வைத்தால், முகத்து எண்ணெய்ப் பசையில் அது ஒட்டிக்கொண்டு எழும். போலோவின் மேல் தண்ணீரைத் தடவிவிட்டு, ரேக்கை அதற்கு மேல் ஒரு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுபோனால் போதும். மீதியை ஈரம் பார்த்துக்கொள்ளும். ரேக்கு தானாகத் தாவிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. என் முதல் இரண்டு ரேக்கும் கிழிந்தன. மூன்றாவது சரியாக உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த போலந்துக்காரப் பெண் கைதட்டினாள்.

பிறகு காத்திருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்பதை அன்றைய காற்றின் ஈரப்பதம் சொல்லும். அகேட் கல்லை நாய்ப்பல் வடிவத்தில் தீட்டி, கைப்பிடி போட்டு வைத்திருக்கிறார்கள். சென்னினி காலத்தில் நிஜமாகவே நாயின் பல்லையும் பயன்படுத்தினார்கள். அந்தக் கல்லால் தங்கத்தை லேசாகத் தட்டினால், உள்ளே ஈரம் இருக்கும்வரை சத்தம் மந்தமாக வரும். காய்ந்து பதம் வந்ததும் 'டிக்' என்று கண்ணாடியில் தட்டுகிற மாதிரி கேட்கும். அந்த அம்மையார் ஒவ்வொருவர் பலகைக்கும் வந்து தட்டி, எங்களையும் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிற என் மாமியார் ஞாபகம் வந்தது. அவரும் தட்டில் உருட்டிப் போட்டுச் சத்தம்தான் கேட்பார்.

பதம் வந்ததும் கல்லால் தேய்க்க ஆரம்பித்தோம். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் அழுத்தி. மங்கலாக, மஞ்சள் காகிதம் மாதிரி இருந்த இடம் கல் போன தடத்தில் ஒரு கோடாகத் திறந்துகொள்கிறது. இருபது நிமிடம் தேய்த்தபின் பலகையை நேராகப் பிடித்துப் பார்த்தால் தங்கத்தையே காணோம், கறுப்பாக இருக்கிறது. பயந்துவிட்டேன். கொஞ்சம் சாய்த்தேன்; விளக்கு அதில் விழுந்ததும் பலகை முழுக்க எரிந்தது. மெருகு ஏறிய தங்கம் தன் பளபளப்பாலேயே கறுத்துத் தெரியும் என்று சென்னினி எழுதியிருப்பதை அப்போதுதான் படித்துக் காட்டினார். முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த நொடி எனக்குக் கிடைத்திருக்காது.

ஒளிவட்டத்துக்குக் கவராயத்தால் வட்டம் போட்டு, மொட்டை முனை இரும்புக் குச்சியால் புள்ளி புள்ளியாகத் தட்டினோம். கீழே இருக்கும் ஜெஸ்ஸோ அமுங்குகிறது, தங்கம் கிழிவதில்லை. அன்று ஒரு மணி நேரம் பாஸ்தில்யா என்கிற மேட்டு வேலையும் காட்டினார். ஜெஸ்ஸோவைக் குழம்பாக்கி, பிரஷ் நுனியிலிருந்து சொட்டவிட்டுக் கோடு மேடாக எழுப்புவது. அதுதான் எங்கள் மக்கு. நான் செய்ததைப் பார்த்துவிட்டு, இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். தஞ்சாவூர் என்று சொல்லிப் போனில் படங்களைக் காட்டினேன். கல் பதிப்பதையும் சுதை மேட்டையும் அவர் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளை அப்படியே போய்விட்டது.

நான்காம் நாள் நிறம். முட்டையை உடைத்து மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் காலியான கையைத் துடைத்துக்கொண்டே வந்தால், மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை போய்விடும். பிறகு அந்தத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்துக் கீழே ஊசியால் குத்தினால், மஞ்சள் மட்டும் கிண்ணத்தில் இறங்கும். தோல் விரலில் தங்கும். தண்ணீர் கொஞ்சம் சேர்த்து நிறப்பொடியில் கலக்கவேண்டியதுதான். இளம் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சள், வயதான கறுத்த முகத்துக்குக் கிராமத்துக் கோழியின் சிவந்த மஞ்சள் என்று சென்னினி பிரித்துச் சொல்கிறார். பட்டறையில் ஒரே கடை முட்டைதான்.

இந்த நிறம் தொட்ட நொடியில் காய்ந்துவிடும். எண்ணெய் வர்ணம் மாதிரி இழைக்க முடியாது. மெல்லிய கோடு கோடாக, பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் நிழலைக் கொண்டுவரவேண்டும். முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறம் அடியில் போகிறது. அதன் மேல் இளஞ்சிவப்பு. பழைய இத்தாலியப் படங்கள் பலவற்றில் மேல் நிறம் தேய்ந்து முகங்கள் பச்சையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

என் குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்றரை நாள் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்தவர்கள், முகம் எழுத ஒன்றரை நாள் மட்டும் வைத்திருக்கிறார்கள். கோடு கோடாக ஒரு கன்னத்தைத் திரட்டவே எனக்கு அரை நாள் ஆனது. ஐந்தாம் நாள் இரண்டு மணிக்குமேல் அந்த அம்மையாரே ஒவ்வொரு பலகையாக வந்து கண்ணையும் மூக்கையும் முடித்துக்கொடுத்தார். அழகாகத்தான் முடித்தார். ஆனால் என் பலகையில் அந்தத் தேவதையின் இடது கண் என் கை இல்லை. எல்லோரும் முழுப் படத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், புரிகிறது. எனக்கு முடியாத படமே போதுமாக இருந்திருக்கும். இதை எட்டு நாள் வகுப்பாக்கலாம், இல்லையென்றால் முகத்தை விட்டுவிட்டு ஒளிவட்டமும் ஒரு உடை மடிப்பும் மட்டும் சொல்லித்தரலாம்.

இன்னொன்று நீலம். விளம்பரத்தில் 'லாபிஸ் லாசுலி நீலம்' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கல் ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலையிலிருந்து வந்தது. அரைத்து, பிசின், மெழுகு சேர்த்து மாவாகப் பிசைந்து, சாம்பல் நீருக்குள் வைத்துப் பிசையப் பிசைய நீலம் மட்டும் இறங்கும். முதல் தடவை இறங்குவதுதான் உயர்ந்தது. இதைக் கண்ணால் பார்க்கத்தான் நான் ஆசையாகப் போனேன். எங்கள் தட்டில் வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த தொழிற்சாலை நீலம். கேட்டபிறகு ஒரு சிறு குப்பியை எடுத்துவந்து, ஆளுக்கு ஒரு நக நுனி அளவு தந்தார். காலர் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். விலை அதிகம், ஐந்து நாள் கட்டணத்தில் கட்டுப்படியாகாது என்றார். உண்மைதான். அப்படியானால் விளம்பரத்தில் அந்த வரி இருக்கக் கூடாது. இதை அவரிடமே சொன்னேன், எடுத்துவிடுகிறேன் என்றார்.

வகுப்பு முடிந்த மறுநாள் சனிக்கிழமை, மகளும் வந்து சேர்ந்தாள், உஃபிசி அருங்காட்சியகத்துக்குப் போனோம். துச்சோ என்ற ஓவியரிடம் 1285-இல் எழுதக் கொடுத்த மாதா படம், நாலரை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதே இடத்தில் சிமாபுவேயும் ஜியோட்டோவும் எழுதிய பெரிய மாதாக்கள். நான் முகங்களைப் பார்க்கவே இல்லை. எந்த ரேக்கு எந்த ரேக்கின் மேல் ஏறியிருக்கிறது, சதுரத்தின் ஓரம் எங்கே தெரிகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். ஜெந்தீலே தா ஃபாப்ரியானோ 1423-இல் முடித்த, குழந்தை ஏசுவை வணங்க வந்த மூன்று அரசர்கள் படத்தின் முன்னால் போனதும் மகளின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். குதிமுள்ளும் கிரீடமும் பலகையை விட்டு மேடாக எழும்பி, மேலே தங்கம். "மக்கு வேலைப்பா இது!" என்றாள் அவள், நான் சொல்வதற்கு முன்னாலேயே.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து பாலம் தாண்டி நடந்தால் இருபது நிமிடம்தான். வழியில் கார்மினே தேவாலயம் இருக்கிறது, உள்ளே மசாச்சோவின் சுவரோவியங்கள்; மதிய இடைவேளையில் பார்த்துவிடலாம். வகுப்பு இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. ஸ்டூல் தருகிறார்கள், முதுகு சாய இடமில்லை. என் வயதுக்காரர்கள் கேட்டால் நாற்காலி கிடைக்கும். நிறப்பொடியும் அகேட் கல்லும் வாங்க கதீட்ரலுக்குப் பக்கத்தில் வியா தெல்லோ ஸ்தூதியோ தெருவில் ட்ஸெக்கி என்ற கடை இருக்கிறது. கடைக்காரர்கள் அவசரப்படுத்தாமல் எடுத்துக் காட்டினார்கள். ஒரு கல், ஒரு கட்டு ரேக்கு, அரைக் கிலோ போலோ வாங்கினேன்.

பலகையைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கைப்பையிலேயே கொண்டுவந்தேன். வார்னிஷ் இன்னும் ஒரு வருடத்துக்குப் பூசக் கூடாது. தஞ்சாவூரில் இப்போது ஐப்பசி மழை. சமையலறைப் பக்கத்து அலமாரியில் ஒரு வாளித் தண்ணீரில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டுவைத்திருக்கிறேன். காலையில் நான் கலக்குகிறேன், சாயங்காலம் என் மனைவி ஒரு தடவை கலக்கிவிடுகிறாள். இன்று பதினோராம் நாள். விரலில் எடுத்துத் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் நறநறப்பு இருக்கிறது.